தூள் குருணையாகி, குருணை மாத்திரையாவது எப்படி?

இருதய நோயாளிகள் சிலருக்கு டாக்டர்கள் எழுதித் தரும் டிகாக்சின் மாத்திரைகளில் சிறியது 62.5 மைக்ரோகிராம் கொண்டது. ஒரு கிராம் மருந்தை 16,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. சமையலறைத் தூள் உப்பில் ஒரே ஒரு பரலை எடுத்து வைத்தால் அதன் எடை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மாத்திரையின் மற்ற பகுதியெல்லாம் மருந்தைத் தாங்கி நிற்கும் சர்க்கரை, மாவு போன்ற துணைப் பொருள்கள்.

டிகாக்சின் அளவு குறைந்தால் இருதயத் துடிப்பு கட்டுக்குள் வராது. அளவு கூடினால் குமட்டல், பார்வைக் கோளாறு, ஆபத்தான துடிப்பு மாற்றம் வரை போய்விடும். ஒரு புட்டியில் உள்ள 100 மாத்திரைகளிலும், அதே தொகுப்பில் தயாரான பல இலட்சம் மாத்திரைகளிலும், அந்த ஒரு பரல் உப்பளவு மருந்து தவறாமல் இருக்க வேண்டும். எந்த இயந்திரமும் ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாக மருந்தை நிறுத்துப் போடுவதில்லை. பிறகு அளவு எப்படிச் சரியாக அமைகிறது?

இதற்கு விடை தருவதுதான் ஆலைகளில் கிரானுலேஷன் என்று அழைக்கப்படும் குருணையாக்கம். மாவு போன்ற மென்தூளைச் சிறு சிறு குருணைகளாகத் திரட்டி, அதன் பிறகே மாத்திரையாக அழுத்தும் முறை இது. ஆலைக்குள் நடக்கும் சங்கதிதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மாத்திரையை நசுக்கிக் கொடுக்கலாமா, பாதியாக உடைக்கலாமா, மருந்தகத்தில் வேறு நிறுவனத்தின் மாத்திரை தந்தால் வாங்கலாமா என்று நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விகள் பலவற்றுக்கும் விடை இந்தக் குருணைக்குள்தான் இருக்கிறது.

பென்சிலில் தொடங்கிய கதை

மாத்திரையின் வரலாறு மருத்துவமனையில் தொடங்கவில்லை. வில்லியம் பிராக்கடன் என்பவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியர். பென்சிலுக்குத் தேவையான நல்ல கிராஃபைட் கட்டி கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. வெட்டும்போது உதிரும் கிராஃபைட் தூளை அச்சில் வைத்து அழுத்தினால் மீண்டும் கட்டியாகுமா என்று அவர் முயன்று பார்த்தார். முயற்சி வெற்றி பெற்றது. 1843ஆம் ஆண்டு அவர் பெற்ற காப்புரிமை பென்சிலோடு மருந்து வில்லைகளையும் உள்ளடக்கியிருந்தது. அதுவரை மருந்தாளர்கள் கையால் உருட்டித் தந்த உருண்டைகளின் இடத்தை அழுத்தித் தயாரித்த வில்லைகள் பிடிக்கத் தொடங்கின.

1884ஆம் ஆண்டு லண்டனில் இயங்கிய பரோஸ் வெல்கம் நிறுவனம் தனது அழுத்திய மருந்துகளுக்கு ‘டேப்ளாய்ட்’ என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தது. சிறு அளவில் சுருக்கி அடக்கியது என்ற பொருளில் அந்தச் சொல் பின்னர் பத்திரிகை உலகிற்கும் போய்ச் சேர்ந்தது. இன்று சிறிய அளவிலான செய்தித்தாள்களை டேப்ளாய்ட் என்று சொல்வதன் மூலம் ஒரு மாத்திரைப் பெயர்தான்.

வெறும் தூளை அழுத்தினால் என்ன?

மருந்தையும் துணைப் பொருளையும் நன்றாகக் கலந்து நேராக அச்சில் இட்டு அழுத்திவிடலாமே என்று தோன்றலாம். சில மருந்துகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பல மருந்துகளில் மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதல் தடை, தூள் ஓடாது. மைதா மாவை ஒரு புனலில் கொட்டினால் அது அடைத்துக்கொள்ளும். சீனியைக் கொட்டினால் சரசரவென்று இறங்கும். தூள் நுண்மையாக ஆக, துகளின் எடை குறைந்து, ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை மேலோங்கிவிடுகிறது. மாத்திரை அழுத்தும் இயந்திரம் ஒவ்வொரு குழியிலும் தூளை எடையால் அளந்து போடுவதில்லை. குழி நிரம்பும் கொள்ளளவே அங்கு அளவுகோல். ஆழாக்கில் அரிசி அளப்பது போன்ற கணக்கு இது. இயந்திரம் சுழலும் வேகத்தில் மணிக்கு நூறாயிரக்கணக்கான மாத்திரைகள் வந்து விழும். ஒரு குழி நிரம்பக் கிடைக்கும் நேரம் கண் இமைக்கும் பொழுதுக்கும் குறைவு. அதற்குள் தூள் தடையின்றி ஓடி நிரம்பினால்தான் எடை சரியாக இருக்கும். அடைத்து அடைத்து விழுந்தால் ஒரு மாத்திரை கனமாகவும் அடுத்தது இலேசாகவும் அமைந்துவிடும். எடை மாறினால் மருந்தின் அளவும் மாறிவிடும்.

இரண்டாவது தடை, கலவை பிரிந்துபோவது. தீபாவளிக்கு வாங்கிய மிக்சர் டின்னைக் காரில் வைத்துக் கொண்டுவந்த பின் திறந்து பார்த்தால், கடலையெல்லாம் மேலே நிற்கும். ஓமப்பொடித் தூள் அடியில் கிடக்கும். குலுங்கும்போது சிறு துகள்கள் பெரிய துகள்களின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கிவிடுகின்றன. மருந்துக் கலவையிலும் இதே கதைதான். கலக்கும் பாத்திரத்தில் சீராக இருந்த கலவை, இயந்திரத்தின் அதிர்விலும் குழாய் வழியாக இறங்கும் வேகத்திலும் பிரிந்துவிடலாம். அப்படியானால் தொகுப்பின் முதல் மாத்திரையில் ஓர் அளவு, கடைசி மாத்திரையில் வேறோர் அளவு.

மூன்றாவது தடை, சில மருந்துகள் அழுத்தத்திற்குப் பிடிகொடுப்பதில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் படிகங்கள் கடினமானவை. அழுத்தினால் நசுங்கி ஒட்டிக்கொள்வதற்குப் பதிலாக உள்ளுக்குள் விறைத்து நிற்கும். அச்சிலிருந்து வெளியே வந்ததும் மாத்திரையின் மேல்பகுதி தொப்பி போலக் கழன்றுவிடும். ஆலை ஊழியர்கள் இதைக் ‘கேப்பிங்’ என்பார்கள். நீரிழிவு நோயாளிகள் உட்கொள்ளும் மெட்ஃபார்மினும் அழுத்தத்திற்கு எளிதில் இணங்காத மருந்துதான். 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரையில் பெரும்பகுதி மருந்தாகவே இருப்பதால், ஒட்டும் துணைப் பொருளை அள்ளிப் போட அங்கு இடமும் இல்லை.

இவற்றோடு தூசித் தொல்லையும் உண்டு. ஹார்மோன் போன்ற வீரியமான மருந்துகளின் தூசி ஊழியரின் மூச்சில் கலந்தால் அவரும் மருந்து உட்கொண்டவராகிவிடுவார். காற்றில் பரவிய மாவுத் தூசி தீப்பற்றி வெடிக்கவும் கூடும். 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் நிகழ்ந்த தூசி வெடிப்பில் 14 பேர் உயிரிழந்தனர். மாத்திரையில் சேர்க்கப்படும் மாவும் பால் சர்க்கரையும் அதே குணம் கொண்டவைதான்.

புட்டு மாவில் உள்ள பாடம்

இந்தத் தடைகளைத் தாண்டும் வழியை நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள் என்றால் மிகையில்லை. புட்டு அவிக்கும்போது அரிசி மாவில் உப்பு நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறுவார்கள். மாவாக இருந்தது சிறு சிறு மணிகளாகத் திரளும். பதம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குவார்கள். பிடி உருவம் கலையாமல் நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். நீர் குறைந்தால் மாவாகவே நிற்கும், கூடினால் களியாகிவிடும்.

மருந்து ஆலைகளில் நெடுங்காலம் பதம் பார்த்ததும் இதே முறையில்தான். அனுபவமுள்ள ஊழியர் கையுறை அணிந்த கையால் ஒரு பிடி ஈரக் கலவையை எடுத்து இறுக்கிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, ‘போதும்’ என்று சொல்வார். இப்போது பல இயந்திரங்களில் கலக்கும் தகட்டைச் சுழற்ற எவ்வளவு மின்சக்தி பிடிக்கிறது என்பதைக் கணினி கவனித்துப் பதத்தைச் சொல்லிவிடுகிறது. கணினி பார்ப்பதும் கை பார்த்ததும் ஒன்றுதான்: கலவை எவ்வளவு இறுகியிருக்கிறது?

சவ்வரிசி தயாரிப்பிலும் இதே உத்தி உண்டு. தமிழ்நாட்டின் சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவை ஈரத்தோடு குலுக்கிக் குலுக்கி மணிகளாகத் திரட்டுகிறார்கள். வெந்நீரில் கட்டிவிடாமல் கரையும் பால் மாவும், மால்ட் பானத் தூளும் கூட இப்படித் திரட்டப்பட்ட குருணைகளே.

நீர் பட்டதும் துகள்கள் ஏன் ஒட்டுகின்றன? இரு துகள்களுக்கு நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் பாலம் போல நிற்கிறது. அதன் மேற்பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. காய்ந்த மணலில் கோட்டை கட்ட முடியாது. ஈர மணலில் கட்டலாம். நீர் அதிகமானால் அது சரிந்துவிடும். ஆனால் வெறும் நீர்ப்பாலம் காய்ந்ததும் மறைந்துவிடும். ஆகையால் நீரோடு ஒரு பசையும் தேவை. முற்காலத்தில் மாவுக் கஞ்சியும் ஜெலட்டினும் பசையாகப் பயன்பட்டன. பின்னர் போவிடோன் என்ற செயற்கைப் பொருளும், மரநாரிலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் வகைகளும் பரவலாகின. நீர் ஆவியானதும் பசை காய்ந்து கெட்டிப் பாலமாக நின்றுவிடும். அவ்வாறு கட்டப்பட்ட ஒவ்வொரு குருணைக்குள்ளும் மருந்தும் துணைப் பொருளும் சேர்ந்தே அடைபட்டிருப்பதால், பின்னர் எவ்வளவு குலுங்கினாலும் அவை பிரிவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

ஆலைக்குள் ஒரு நாள்

ஈர முறையில் பாராசிட்டமால் போன்ற ஒரு மாத்திரை தயாராகும் வரிசையைப் பார்ப்போம். முதலில் ஒவ்வொரு பொருளும் நிறுக்கப்பட்டு, இருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பின் சலிக்கப்படுகிறது. மருந்தின் அளவு மிகக் குறைவாக இருந்தால், முழு மாவிலும் அதை ஒரேயடியாகக் கொட்டிக் கலக்க மாட்டார்கள். மருந்தின் அளவுக்குச் சமமான மாவோடு முதலில் கலந்து, அந்தக் கலவைக்குச் சமமாக மீண்டும் மாவு சேர்த்து, இப்படி இரட்டித்துக்கொண்டே போவார்கள்.

பிறகு பெரிய கலப்பான். அடியில் அகன்ற தகடு ஒன்று கலவையைச் சுழற்றும். பக்கத்தில் சிறு கத்தி ஒன்று அதிவேகமாகச் சுழன்று பெருங்கட்டிகளை வெட்டிவிடும். மேலிருந்து பசைநீர் தெளிக்கப்படும். சில நிமிடங்களில் குருணை திரளும். இங்குதான் கவனம் தேவை. ஈரம் கூடி, கலக்கும் நேரமும் நீண்டால் குருணை கூழாங்கல் போல இறுகிவிடும். அதில் செய்த மாத்திரை பார்வைக்கு அழகாக இருக்கும். வயிற்றில் கரைய மட்டும் நேரம் பிடிக்கும். ஈரம் குறைந்தால் பாதி குருணையும் பாதி தூளுமாக நின்று பழைய தடைகள் திரும்ப வரும்.

அடுத்தது உலர்த்தல். பழைய முறையில் தட்டுகளில் பரப்பி வெப்ப அறையில் பல மணி நேரம் வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் அடியிலிருந்து வெப்பக் காற்றைச் செலுத்திக் குருணைகளை மிதக்கவிட்டு உலர்த்துகிறார்கள். பெரிய சட்டியில் நீர் கொதிப்பது போல உள்ளே குருணைகள் பொங்கிப் புரளும். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேல் வூர்ஸ்டர் என்ற மருந்தியல் பேராசிரியர் இந்தக் காற்று மிதப்பு முறையை மாத்திரைப் பூச்சுக்கும் குருணையாக்கத்திற்கும் கொண்டுவந்தார். குருணையை முழுக்க வறட்டிவிடுவதும் தவறு. பொதுவாகச் சில விழுக்காடு ஈரம் மிஞ்சியிருந்தால்தான் அழுத்தும்போது பிடிப்பு ஏற்படும். ஈரம் அதிகமாக இருந்தாலோ கலவை அச்சில் ஒட்டிக்கொள்ளும். சில மருந்துகள் கெட்டும் போகும்.

உலர்ந்த குருணையை மீண்டும் சலித்து, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட அளவில் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னர் வயிற்றில் நீர் பட்டதும் உப்பி மாத்திரையைப் பிளக்கும் ஒரு பொருளும், அச்சில் ஒட்டாமல் வழுக்கிவிடும் மக்னீசியம் ஸ்டியரேட்டும் சேர்க்கப்படும். பின்னது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. அதைக் கடைசியில் சேர்த்துச் சில நிமிடங்களே கலப்பார்கள். அது எண்ணெய்ப் பசையுள்ள பொருள். அதிக நேரம் கலந்தால் குருணை முழுவதையும் மூடிப் படிந்து, நீர் உட்புகாமல் தடுத்துவிடும். இத்தனைக்கும் பிறகே கலவை அச்சுக்குப் போகிறது.

நீர் ஆகாத மருந்துகள்

பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்ததும் காடி வாடை வருவதைச் சிலர் கவனித்திருக்கலாம். ஈரம் பட்டதும் ஆஸ்பிரின் சிதைந்து சாலிசிலிக் அமிலமும் காடியில் உள்ள அசெட்டிக் அமிலமும் உண்டாகின்றன. இத்தகைய மருந்துகளுக்கு நீர் தெளிக்க முடியாது. அவற்றின் தூளை இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்தி, கரும்பு பிழியும் இயந்திரம் போல அழுத்தித் தகடாக்குகிறார்கள். அந்தத் தகட்டை உடைத்துச் சலித்தால் குருணை கிடைத்துவிடும். இது உலர் முறை. நீரும் வேண்டாம், வெப்பமும் வேண்டாம். ஆனால் தூசி அதிகம்; இரண்டு முறை அழுத்தப்படுவதால் சில மருந்துகள் பிடிப்பை இழப்பதும் உண்டு.

நுண்படிகச் செல்லுலோஸ் 1960களில் சந்தைக்கு வந்த பிறகு, பல மருந்துகளைக் குருணையாக்காமல் நேரடியாக அழுத்தவும் வழி பிறந்தது. மருந்தின் இயல்பைப் பொறுத்தே வழி தேர்வு செய்யப்படுகிறது. அண்மைக் காலத்தில், தொகுதி தொகுதியாகச் செய்வதற்குப் பதில், ஒரு முனையில் தூளை இட்டால் மறுமுனையில் மாத்திரை வரும் தொடர் முறையும் நடப்புக்கு வந்துள்ளது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்ஐவி கிருமிக்கான ஒரு மருந்தைத் தொகுதி முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்ற அனுமதி அளித்தது.

மருந்து மாறவில்லை, விளைவு மாறியது

துணைப் பொருளையும் தயாரிப்பு முறையையும் சிறிது மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு இரண்டு நிகழ்வுகள் பாடமாக உள்ளன.

ஆஸ்திரேலியாவில் 1968ஆம் ஆண்டு வாக்கில், வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் மருந்தை நெடுநாளாக உட்கொண்டு வந்தவர்கள் பலர் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை போன்ற நச்சு அறிகுறிகளோடு மருத்துவர்களிடம் வந்தனர். அவர்கள் உட்கொண்ட அளவு மாறவில்லை. விசாரித்தபோது, மருந்துக் குமிழுக்குள் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டுப் பால் சர்க்கரையைச் சேர்த்திருந்தது தெரிய வந்தது. பழைய நிரப்புப் பொருள் மருந்து உடலில் சேர்வதைக் குறைத்து வந்திருக்கிறது. அந்தக் குறைவுக்கு ஏற்பவே டாக்டர்கள் அளவை நிர்ணயித்திருந்தனர். தடை நீங்கியதும் அதே அளவு நஞ்சாகிவிட்டது.

மற்றொன்று பிரிட்டனில் நடந்தது. முதலில் சொன்ன டிகாக்சின்தான். 1972ஆம் ஆண்டு அங்குப் பரவலாகப் பயன்பட்ட ஒரு டிகாக்சின் மாத்திரையின் தயாரிப்பு முறை மாறியது. உறையில் எழுதியிருந்த அளவு அதேதான். ஆனால் மருந்துத் துகளின் அளவும் கரையும் வேகமும் மாறியதால், இரத்தத்தில் சேர்ந்த மருந்து கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

மாத்திரைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு வேகத்தில் வெளிவருகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்ற தெளிவு இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்தது. 1970ஆம் ஆண்டு முதல் மருந்து விதிநூல்களில் கரைதல் சோதனை இடம்பெறத் தொடங்கியது.

எத்தனை சோதனைகள்?

இன்று ஒரு தொகுப்பு வெளியே வருமுன் பல சோதனைகளைத் தாண்ட வேண்டும். 20 மாத்திரைகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பார்கள். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள மாத்திரைகளில் சராசரியிலிருந்து 5 விழுக்காடு வரை விலகலாம். இரண்டு மாத்திரைகளுக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. உருளைக்குள் போட்டு 100 சுற்று சுழற்றி, உதிர்வு ஒரு விழுக்காட்டைத் தாண்டவில்லையா என்று பார்ப்பார்கள். உடல் வெப்ப நிலையில் உள்ள திரவத்தில் இட்டுக் கரையும் வேகத்தை அளப்பார்கள். மருந்தின் அளவு குறைவான மாத்திரைகளுக்கு, ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ள மருந்தைத் தனித்தனியே பரிசோதிப்பது கட்டாயம்.

நம் வட்டாரத்தின் வெப்பமும் புழுக்கமும் வேறு. ஆசியான் நாடுகளில் விற்கப்படும் மருந்துகள் பொதுவாக 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 75 விழுக்காடு காற்று ஈரத்திலும் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. குளிர்நாட்டில் நன்றாக இருக்கும் குருணை இங்கு ஈரம் இழுத்து இளகிவிடலாம் என்பதே காரணம். நல்ல மருந்து உற்பத்தி நெறிகளைக் கண்காணிக்கும் அனைத்துலக ஒத்துழைப்புத் திட்டத்தில் சிங்கப்பூர் 2000ஆம் ஆண்டிலும் மலேசியா 2002ஆம் ஆண்டிலும் உறுப்பியம் பெற்றன. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துகளின் பொட்டலத்தில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண் இருக்கும்; சிங்கப்பூரில் பதிவு எண் ‘எஸ்ஐஎன்’ என்று தொடங்கும். இணையத்திலும் இரவுச் சந்தையிலும் வாங்கும் மாத்திரைகளுக்கு இந்தச் சோதனைகள் நடந்தனவா என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

சந்தைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம், அங்கு விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் மருந்துகளைச் சோதித்து, அவற்றுள் மூன்றில் ஒரு மாசுப் பொருள் ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருந்ததால் அவற்றை மீட்டுக்கொண்டது. டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று நோயாளிகளுக்கு அறிவுறுத்தவும் செய்தது.

மலிவான மருந்து மட்டமா?

பலதுறை மருந்தகத்திலோ அரசாங்க மருத்துவமனையிலோ முன்பு வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த முறை மஞ்சளாக வந்தால் முதியவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. பெயர் வேறு, நிறுவனம் வேறு, மருந்து ஒன்றே என்பதுதான் பெரும்பாலும் நிலை. பசையும் குருணையும் நிறமும் மாறியிருக்கும். இத்தகைய பொதுப்பெயர் மருந்து இரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் மூல மருந்தோடு ஒத்துப்போகின்றன என்பதை ஆட்களிடம் நடத்தும் ஆய்வின் மூலம் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். அவ்வகையில் சாதாரணமான மருந்துகளில் மாற்றம் குறித்து அஞ்சத் தேவையில்லை.

ஆனால் டிகாக்சின், வார்ஃபரின், ஃபெனிடோயின், தைராய்டு ஹார்மோன் போன்றவற்றில் தேவையான அளவுக்கும் தீங்கான அளவுக்கும் இடைவெளி குறுகியது. இவற்றை உட்கொள்பவர்கள் மாத்திரையின் தோற்றமோ நிறுவனமோ மாறியதைக் கண்டால், நிறுத்திவிடாமல், மருந்தாளரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. தேவையானால் டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்.

துணைப் பொருள்கள் குறித்து வேறொரு அக்கறையும் நம்மிடையே உண்டு. ஜெலட்டின் விலங்கிலிருந்து பெறப்படுவது. மக்னீசியம் ஸ்டியரேட் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பால் சர்க்கரை பலருக்கு வயிற்றைக் கெடுக்கும். சைவ உணவினரும் ஹலால் பேணுவோரும் இதைக் கேட்பதில் தவறில்லை. ஹலால் மருந்துகளுக்கென மலேசியா 2010ஆம் ஆண்டிலேயே தனித் தரநிலை வெளியிட்டுள்ளது. மருந்தாளரிடம் கேட்டால் மாற்று மருந்து உண்டா என்று பார்த்துச் சொல்வார். கேட்காமல் மருந்தை விட்டுவிடுவதே ஆபத்து.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

விழுங்கச் சிரமப்படும் பெற்றோருக்கு மாத்திரையை அம்மியிலோ கரண்டியாலோ நசுக்கி, தேனிலோ பாலிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. பெயருக்குப் பின் எக்ஸ்ஆர், எஸ்ஆர், சிஆர், எல்ஏ, எம்ஆர் போன்ற எழுத்துகள் இருந்தால், அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தை வெளிவிடும்படி அமைக்கப்பட்டது. அதன் குருணையையோ பசையையோ நசுக்கிவிட்டால் 12 அல்லது 24 மணி நேரத்திற்கான மருந்து மொத்தமாக உடலில் இறங்கிவிடும். நிஃபெடிபின் போன்ற இரத்தக் கொதிப்பு மருந்தில் அழுத்தம் அபாயகரமாகச் சரியலாம்.

மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர் உட்கொள்ளும் சிலர், மாத்திரை போன்ற ஒன்று மலத்தில் வருவதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணுகின்றனர். மருந்து வெளியேறிய பின் மிஞ்சிய கூடுதான் அது. அதனால் அளவைக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி பூச்சுப் பூசிய ஆஸ்பிரின் போன்றவற்றையும் நசுக்கக் கூடாது. புரோஸ்டேட் வீக்கத்திற்கான ஃபினாஸ்டரைடு மாத்திரை உடைந்திருந்தால் கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. மெதோட்ரெக்சேட் மாத்திரையை வீட்டில் பொடியாக்கவே கூடாது. ஆலையில் குருணையாக்கி அடக்கிய தூசியைச் சமையலறையில் மீண்டும் கிளப்புவதாகிவிடும்.

நடுவே கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம் என்பதும் எப்போதும் சரியல்ல. சில கோடுகள் அளவைப் பங்கிடுவதற்கு அல்ல, விழுங்க எளிதாக இருக்க மட்டும். மருந்தாளர் உடைக்கலாம் என்று சொன்னால், கத்தியைவிட மாத்திரை வெட்டும் சிறு கருவியே பாதுகாப்பானது. ஒரு வாரத்திற்குரியதை ஒரே நாளில் உடைத்து வைத்துவிடாமல், அவ்வப்போது உடைத்துக்கொள்வது நல்லது. உடைந்த முகம் வழியே ஈரம் எளிதாகப் புகும்.

மாத்திரைகளைக் குளியலறை அலமாரியிலும், அடுப்புக்கு மேலேயும், வெயிலில் நிறுத்திய காரிலும் வைக்கக் கூடாது. உறையிலிருந்து மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போடுவதற்கு முன், அது ஈரம் தாங்காத மருந்தா என்று கேட்டுக்கொள்ளலாம்.

விழுங்க முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பல மருந்துகள் திரவமாகவும், நாவில் கரையும் வில்லையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைக்கின்றன. சிலவற்றை நசுக்கியும் கொடுக்கலாம். எது எந்த வகை என்பதை உறையைப் பார்த்து ஊகிக்க முடியாது. அம்மியை எடுப்பதற்கு முன் மருந்தகத்தில், “இந்த மாத்திரையை நசுக்கலாமா?” என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும். பதில் சொல்வது மருந்தாளரின் வேலை. கட்டணம் எதுவும் இல்லை.